காந்தம் ஒட்டிய நெஞ்சு

1

பிள்ளைகளே, நேற்று எனக்கு ஒரு வயது நிறைந்தது.

சிரிக்க வேண்டாம். மீசையில் நாலைந்து நரை விழுந்த, இரண்டு பிள்ளை பெற்ற ஆள்தான் சொல்கிறேன். போன வருஷம் அதே நாளில் கோலாலம்பூரில் ஓர் ஆஸ்பத்திரியில் என் நெஞ்சை இரண்டாவது தடவையாகத் திறந்து, உள்ளே பழுதுபார்த்து, மூடிக் கையில் கொடுத்தார்கள். அன்றிலிருந்து என் மகள் மாலதி எனக்குப் புதிதாக வயது எண்ணுகிறாள். கிள்ளானில் எங்கள் கடைத்தெருவுக்குப் பின்னால் கேக் விற்கிற சீன அக்காவிடம் அவளே போய்ச் சொல்லியிருக்கிறாள். பிள்ளை பெயர் என்ன என்று அந்த அக்கா கேட்டதற்கு 'ராஜு' என்றாளாம். ஆணா பெண்ணா என்றதற்கு 'பேபி பாய்' என்றாளாம். வந்து இறங்கியது நீலப் பூப்போட்ட கேக். நடுவில் ஒரே மெழுகுவத்தி, ஓரத்தில் சர்க்கரையில் செய்த சின்னத் தொட்டில். மெழுகுவத்தியை ஒரே ஊதலில் அணைத்தேன். அந்த ஊதல் எவ்வளவு பெரிய விஷயம் என்பது போகப் போகத் தெரியும்.

நம் பள்ளிக்கூடத்து ஆண்டு மலருக்கு வெளிநாட்டில் இருக்கிற பழைய மாணவர்கள் எழுதுங்கள் என்று தலைமையாசிரியர் கடிதம் போட்டு ஆறு மாதம் ஆகிறது. எட்டாவதோடு நின்றவன் என்னத்தை எழுதுவது என்று அலமாரியில் வைத்துவிட்டேன். நேற்று கேக் தின்ற தெம்பில் எழுத உட்கார்ந்துவிட்டேன். எழுத்துப் பிழை இருந்தால் உங்கள் தமிழய்யா திருத்திக்கொள்ளட்டும். சந்தோஷத்தில் எழுதுகிறவனுக்குக் கை ஓர் இடத்தில் நிற்காது.

நாங்கள் இருப்பது நாலாவது மாடி, லிஃப்ட் கிடையாது. இன்று காலையில் பேப்பர் வாங்க இறங்கி ஏறினேன். பிறகு பேனா வாங்க இறங்கி ஏறினேன். பிறகு ஒன்றும் வாங்காமலே ஒரு தடவை இறங்கி ஏறினேன்.

2

உங்கள் வயதில் நான் நீலமாக இருந்தேன். உதடும் நகமும் நாவல்பழம் தின்ற மாதிரி இருக்கும். இதயத்தின் நடுச்சுவரில் ஓர் ஓட்டையோடு பிறந்துவிட்டேன். நுரையீரலுக்கு ரத்தம் போகிற வாசலும் குறுகல். அதனால் கெட்ட ரத்தம் நல்ல ரத்தத்தோடு கலந்து உடம்பெங்கும் ஓடியது. நம் பள்ளி மைதானத்தில் பத்தடி ஓடினால் மூச்சு முட்டும், அப்படியே தரையில் குந்திவிடுவேன். குந்தினால் சரியாகும். ஏன் சரியாகிறது என்பது இருபத்தைந்து வருஷம் கழித்து இங்கே டாக்டர் சொல்லித்தான் தெரியும். குந்தும்போது காலுக்குப் போகிற ரத்தத்துக்கு வழி இறுகுமாம், அதனால் நுரையீரல் பக்கம் கூடுதலாகத் திரும்புமாம். எனக்கு யாரும் அதைச் சொல்லித் தரவில்லை, உடம்பே கண்டுபிடித்துக்கொண்டது. வகுப்பில் எனக்குக் 'குந்தாணி' என்று பெயர் வைத்திருந்தார்கள். உங்கள் வகுப்பில் அப்படி ஒரு பிள்ளை ஓடிவந்து குந்தினால், பெயர் வைப்பதை விட்டுவிட்டு டீச்சரிடம் சொல்லுங்கள்.

பதினோரு வயதில் அப்பா என்னை ரயிலேற்றிப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். நெஞ்செலும்பை நடுவில் பிளந்து, ஓட்டைக்கு ஒட்டுப்போட்டு, குறுகிய வாசலை வெட்டி அகலமாக்கி, எலும்பைக் கம்பியால் முறுக்கிக் கட்டிவிட்டார்கள். கண் விழித்துக் கண்ணாடி கேட்டேன். உதடு சிவப்பாக இருந்தது. வேறு பையனுடைய உதடு என்று நினைத்தேன்.

வீட்டுக்கு வந்து தேங்காய் உடைத்தாயிற்று. அத்தோடு முடிந்தது என்று எல்லாரும் நினைத்தோம். வருஷா வருஷம் வந்து காட்டச் சொல்லித்தான் இருப்பார்கள், நாங்கள் காதில் வாங்கவில்லை. நல்லா இருக்கிற பிள்ளையை யார் திரும்ப ரயிலேற்றுவார்கள்?

அப்பாவிடம் நகைத்தொழில் கற்றேன். இருபத்தொரு வயதில் இந்த ஊர் நகைக்கடைப் பட்டறைக்கு ஆள் வேண்டுமென்று வர, பெர்மிட்டில் கிள்ளானுக்கு வந்தேன். காப்பாரில் செம்பனைத் தோட்டத்தில் வளர்ந்த சரோஜாவைக் கட்டிக்கொண்டேன், இங்கேயே வேர் பிடித்துவிட்டேன். இங்கே குடியுரிமை உள்ளவர்களுக்கு அடையாள அட்டை நீலம், என்னைப்போல வந்து தங்கியவர்களுக்குச் சிவப்பு. பிறந்தபோது நீலம், அறுத்த பிறகு சிவப்பு, அட்டையிலும் சிவப்பு. குடியுரிமைக்கு மனுப்போட்டிருக்கிறேன், கிடைத்தால் மறுபடி நீலமாகிவிடுவேன். இதை நான் குடிநுழைவு அலுவலகத்தில் சொன்னபோது அந்த அதிகாரி சிரிக்கவில்லை. நாலாம் நம்பர் கவுண்டருக்குப் போகச் சொன்னார். அங்கே இருந்தவர் இரண்டாம் நம்பருக்குப் போகச் சொன்னார்.

மாலதிக்கு இப்போது பதினோரு வயது. மலாய்ப் பள்ளியில் படிக்கிறாள். தம்பியோடு சண்டை போடுவது மலாயில், சமாதானம் ஆங்கிலத்தில், என்னிடம் பேசுவது மட்டும் போனால் போகிறது என்று தமிழில். இந்தக் கட்டுரையின் முதல் பக்கத்தை வாசிக்கச் சொன்னேன். விரலை வைத்து எழுத்தெழுத்தாகப் போய், 'குந்தாணி'யில் வந்து நின்று, "இது என்னா ஃபுட், அப்பா?" என்று கேட்டாள்.

3

எங்கள் தொழிலில் பொடி வைத்து ஊதுவது என்று ஒரு வேலை உண்டு. நகையின் இரண்டு துண்டைச் சேர்த்து, நடுவில் பற்றுப்பொடி வைத்து, ஊதுகுழலை வாயில் வைத்து விளக்குச் சுடரை அதன்மேல் ஊத வேண்டும். மூச்சு அறுபடக் கூடாது. அறுபட்டால் ஒட்டு கெட்டுவிடும். இப்போது காஸ் வந்துவிட்டது, ஆனாலும் மெல்லிய வேலைக்கு நான் குழலைத்தான் எடுப்பேன்.

இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு நாள் ஊதும்போது பாதியில் மூச்சு நின்றுவிட்டது. மறுநாளும் அப்படித்தான். பிறகு மாடிப்படியில் இரண்டாவது வளைவில் நின்றேன். அடுத்த மாதம் முதல் வளைவில் நின்றேன். ஒரு நாள் நெஞ்சு படபடவென்று அடித்து, பட்டறைப் பலகைமேலேயே சாய்ந்துவிட்டேன். பக்கத்திலிருந்த பத்தர்கள் முகத்தில் தண்ணீர் தெளிப்பதற்கு முன் தங்கத்தை எடுத்துப் பத்திரப்படுத்தினார்கள். அதில் தப்பில்லை, நானும் அதைத்தான் செய்திருப்பேன்.

கிள்ளான் டாக்டர் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, கோலாலம்பூருக்கு எழுதிக்கொடுத்தார். அங்கே ஒரு சீன டாக்டரம்மா. என் மலாயும் அவருடைய மலாயும் சேர்ந்து எப்படியோ ஒரு முழு மலாய் ஆகிவிடும். நெஞ்சில் பசை மாதிரி ஒன்றைத் தடவி, ஒரு கருவியை வைத்து அழுத்தித் திரையில் பார்த்தார். நெடுநேரம் பார்த்துவிட்டு, சின்ன வயதில் வாசலை அகலமாக்கினார்களே, அதில் கதவு போய்விட்டது என்றார். இதயம் ஒவ்வொரு தடவை நுரையீரலுக்கு ரத்தத்தை இறைக்கும்போதும் பாதி திரும்பி உள்ளே விழுகிறதாம். இருபத்தைந்து வருஷமாக ஓட்டை வாளியில் இறைத்து இறைத்து வலப்பக்க அறை வீங்கிக் கிடக்கிறது. புதுக் கதவு போட வேண்டும். நாள் தள்ளினால் அறை தொய்ந்துபோகும், பிறகு கதவு போட்டும் பலன் இல்லை என்றார்.

மாட்டிய சட்டையை நான் உடனே மறுபடி கழற்றினேன். சரி, போடுங்கள் என்றேன்.

அது அப்படி இல்லையாம். ஒரு தடவை திறந்த நெஞ்சை இரண்டாம் தடவை திறப்பது வேறு வேலை. முதல் தடவை ஆறும்போது உள்ளே தழும்பு கட்டி, இதயம் நெஞ்செலும்பின் பின்பக்கத்தில் ஒட்டியிருக்கலாம். அது தெரியாமல் எலும்பை அறுத்தால் ரம்பம் நேரே இதயத்தில் இறங்கும். எலும்புக்கும் இதயத்துக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று படம் எடுத்துப் பார்க்காமல் கத்தியைத் தொடமாட்டேன் என்று அறுவை செய்கிற டாக்டர் சொல்லிவிட்டார். பசை தடவிப் பார்க்கிற கருவிக்கு அது தெரியவில்லை, எலும்பு மறைக்கிறது. அதற்கென்று ஒரு புது மெஷின் வந்திருக்கிறது. ஒரு பெரிய குழாய், ஆளை உள்ளே தள்ளிப் படம் எடுப்பார்கள். அந்தக் குழாய் முழுக்கக் காந்தம்.

காந்தம் என்றதும் என் காது நீண்டது.

கவுண்டரில் ஒரு ஃபாரம் கொடுத்தார்கள். உடம்பில் எங்கேயாவது உலோகம் உண்டா என்று ஒரு கேள்வி. நெஞ்சில் கம்பி என்று எழுதினேன். என்ன தொழில் என்று ஒரு கேள்வி. நகைத்தொழில் என்று எழுதினேன். மெஷினைப் பார்த்துக்கொள்கிற மலாய்த் தம்பி, பெயர் அஸ்மான், அதைப் படித்துவிட்டு என்னைக் கண்ணுக்கு எக்ஸ்ரே எடுக்க அனுப்பினான். அரம் போடுகிறவர்கள் கண்ணில் இரும்புத்துகள் பறந்து விழுந்து தெரியாமலே தங்கியிருக்குமாம். காந்தத்துக்குள் போனால் அது அசையுமாம். பட்டறையில் இதைச் சொன்னேன். முதலாளி அன்றைக்கெல்லாம் சிரித்தார். "ராஜு கண்ணுல இரும்பு இருந்தா ஆஸ்பத்திரிக்கு, தங்கம் இருந்தா எனக்கு லா," என்று இந்த ஊர் 'லா' போட்டுச் சொன்னார்.

கண்ணில் ஒன்றும் இல்லை. அந்தத் தம்பி மூன்று வாரம் கழித்து ஒரு தேதி கொடுத்தான். கிடைத்ததே பெரிது, மாதக்கணக்கில் காத்திருக்கிறவர்கள் உண்டு என்றான். நெஞ்சுக் கம்பியைப் பற்றிக் கேட்டேன். டாக்டருக்குத் தெரியும் என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டான்.

4

டாக்டருக்குத் தெரியும் சரி. எனக்குத் தெரிய வேண்டாமா?

நீங்களே சொல்லுங்கள், வாழ்நாளெல்லாம் உலோகத்தோடு இருக்கிறவன் நான். என் நெஞ்சிலே நாலைந்து கம்பி இருபத்தைந்து வருஷமாக இருக்கிறது, அது என்ன கம்பி என்று எனக்குத் தெரியாது. வெள்ளியா, எஃகா, வேலி கட்டுகிற இரும்புக் கம்பியா? பட்டறையில் அன்றாடம் அரம் போட்ட தங்கத்தூளைக் கூட்டி அள்ளி, உருக்குவதற்கு முன் அதில் ஒரு காந்தத்தை விட்டுத் துழாவுவோம். அரத்திலிருந்து உதிர்ந்த இரும்புத்தூள் காந்தத்தில் ஒட்டி வந்துவிடும், தங்கம் நின்றுவிடும். எங்களுக்குச் சோதனை என்றால் அதுதான். ஆகவே, சாப்பாட்டு நேரத்தில் எல்லாரும் போன பிறகு, சட்டைப் பொத்தானை அவிழ்த்து, பட்டறைக் காந்தத்தை எடுத்து, பனியனுக்கு மேலே தழும்பு இருக்கிற இடத்தில் வைத்துக் கையை எடுத்தேன்.

காந்தம் விழவில்லை. நெஞ்சில் ஒட்டிக்கொண்டு நின்றது.

பிடுங்கினேன். மறுபடி வைத்தேன். மறுபடி ஒட்டிற்று. மறுநாளும் வைத்துப் பார்த்தேன், ஒட்டிற்று. அந்த மூன்று வாரமும் சாப்பாட்டு நேரத்தில் எனக்கு இதே வேலை. உள்ளங்கை அகலக் காந்தத்துக்கே இப்படி ஒட்டுகிறதென்றால், ஆள் நுழைகிற குழாய்க் காந்தம் என்ன செய்யும்? நாலு கம்பியும் எலும்பைப் பிய்த்துக்கொண்டு பறக்கும். இரும்பு என்று சொன்னால் படம் இல்லை என்பார்கள். படம் இல்லையென்றால் அறுவை இல்லை. சொல்லாவிட்டால் குழாயிலேயே கதை முடியும். எந்தப் பக்கம் போனாலும் முட்டுச்சந்து. யாரிடமும் வாய் திறக்கவில்லை.

தேதி அன்று சரோஜா திருநீறு பூசி அனுப்பினாள். கூட வருகிறேன் என்றவளை, தம்பியைப் பள்ளியிலிருந்து யார் கூட்டி வருவது என்று நிறுத்திவிட்டேன். கோலாலம்பூர் பஸ்ஸில் ஏறினேன். ஆஸ்பத்திரிக்கு மாற வேண்டிய இடத்தில் மாறவில்லை. பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு சாப்பாட்டுக் கடையில் போய் உட்கார்ந்தேன். டீ குடித்தேன். சுவர்க் கடிகாரம் பத்தைத் தாண்டியது, அதுதான் எனக்குக் கொடுத்த நேரம். இன்னொரு டீ குடித்தேன். கடைக்காரர், "அண்ணே, யாருக்காவது காத்திருக்கீங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். அது உண்மை. எனக்காகத்தான் வேறொரு இடத்தில் காத்திருந்தார்கள்.

வீட்டுக்கு வந்து, மெஷின் ரோசாக் என்று சொல்லிவிட்டேன். இங்கே எதற்கும் எடுபடுகிற சொல் அது. லிஃப்ட் ரோசாக், தண்ணீர்க் குழாய் ரோசாக், மெஷின் கெட்டுவிட்டது, அவ்வளவுதான். சரோஜாவும் நம்பிவிட்டாள்.

மறுநாள் மாலையில் நான் குளித்துவிட்டு வருகிறேன், வீட்டில் டெலிபோன் அடிக்கிறது. அஸ்மான். என் மனைவி எடுத்தாள். அவன் மலாயில், நேற்று ஏன் அண்ணன் வரவில்லை, அவருக்காக அரைமணி நேரம் மெஷினைச் சும்மா வைத்திருந்தேன் என்கிறான். சரோஜா மலாய்ப் பேச்சில் என்னைவிடக் கெட்டி. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, போனை மெதுவாக வைத்தாள்.

"மெஷின் நல்லாத்தான் இருக்காம்," என்றாள். "ரோசாக் ஆனது வேற யாரோ."

தரையைப் பார்த்துக்கொண்டு முழுவதையும் சொன்னேன். இரும்பு, காந்தம், எலும்பு, எல்லாம். சரோஜா புடவைத் தலைப்பை வாயில் வைத்து அழ ஆரம்பித்தாள். மாலதி மட்டும் அழவில்லை. வீட்டுப்பாடத்தை மூடிவைத்துவிட்டு வந்தாள்.

"ஒட்டுச்சா? காட்டுங்க."

பயத்தில் காந்தத்தைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். கழற்றிப் போட்ட சட்டையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். குளித்து வந்த வெறும் உடம்பு, இடுப்பில் துண்டு மட்டும். மாலதி தழும்பின்மேல் காந்தத்தை வைத்துக் கையை எடுத்தாள். அது நேரே என் கால் கட்டைவிரலில் விழுந்தது. நான் நொண்டிக்கொண்டே மறுபடி வைக்கச் சொன்னேன். மறுபடி விழுந்தது. மேலே, கீழே, இடப்பக்கம், வலப்பக்கம், எங்கே வைத்தாலும் விழுந்தது.

"அப்பா, கடையில வெச்சப்போ என்னா போட்டிருந்தீங்க?"

"பனியன்தான்."

அவள் பால்கனிக்குப் போனாள். கொடியில் மூன்று பனியன் காய்ந்துகொண்டிருந்தன. காந்தத்தை முதல் பனியனின் நெஞ்சுக்குக் கொண்டுபோனாள். டக். இரண்டாவது. டக். மூன்றாவது. டக். காந்தத்தைப் பனியனிலேயே தொங்கவிட்டுவிட்டு எங்களைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஹார்ட் ஆப்பரேஷன் பனியனுக்குத்தான் செய்யணும்."

சரோஜாவின் அழுகை எப்போது நின்றது என்று தெரியவில்லை. அவள் முகம் போன போக்கைப் பார்த்தேன். பனியனை உள்பக்கம் திருப்பினேன். சரியாகத் தழும்பு படுகிற இடத்தில் கட்டைவிரல் நகத்தளவு மஞ்சள் துணி, நாலு பக்கமும் மெல்லிய தையல். பிரித்தால் உள்ளே ஒரு சென் காசு, நம் ஊர் ஒரு பைசா மாதிரி.

உங்களுக்குத் தெரியும். வீட்டில் யாருக்காவது உடம்பு முடியாவிட்டால் மஞ்சள் துணியில் காசு முடிந்து சாமிக்கு நேர்ந்துகொள்வார்கள், பூசை இடத்தில் வைப்பார்கள். நேர்ந்ததை வெளியே சொல்லவும் மாட்டார்கள். சரோஜா பார்த்தாள், கத்தி இறங்கப்போவது பூசை மாடத்திலா, நெஞ்சில்தானே, காவலும் அங்கேதான் இருக்க வேண்டும் என்று முடிவு செய்துவிட்டாள். நான் தேதி வாங்கி வந்த அன்று மாலையே நாலு பனியனிலும் தைத்துவிட்டாள். இங்கே ஒரு சென் காசு பார்க்கச் செம்பு, உள்ளே முழுக்க இரும்பு. பார்த்ததும் தெரிந்துவிட்டது எனக்கு. சொல்லிக்கொள்ள வெட்கமாக இருந்தது. உள்ளங்கையில் வைத்தால் ஒரு குன்றிமணித் தங்கம் குறைவதைச் சொல்லிவிடுகிற ஆள் நான். மூன்று வாரம் ஒரு முழுக் காசை நெஞ்சில் சுமந்துகொண்டு திரிந்திருக்கிறேன், தெரியவில்லை. தழும்பைச் சுற்றி எனக்குச் சின்ன வயதிலிருந்தே உணர்ச்சி கிடையாது.

"ஏன் என்கிட்ட சொல்லல?" என்று கேட்டேன்.

"நீங்க மட்டும் சொன்னீங்களா?" என்றாள்.

அதற்குப் பிறகு யார் முதலில் சிரித்தது என்று இன்றைக்கும் வீட்டில் தகராறு. நான் துண்டைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன், மூச்சு முட்டி நம் பள்ளி மைதானத்தில் மாதிரியே தரையில் குந்திவிட்டேன். குந்திக்கொண்டும் சிரித்தேன்.

5

விட்ட தேதியைத் திரும்ப வாங்குவது பெரும்பாடு. கவுண்டரில் ஒரு அம்மா புதிதாக ஃபாரம் எழுதச் சொன்னார். வராததற்குக் காரணம் என்ற இடத்தில் என்ன எழுதுவது? மாலதி மலாயில் அழகாக எழுதிக் கொடுத்தாள். என்ன எழுதினாய் என்று கேட்டேன். பனியன் பிரச்சினை என்று எழுதினாளாம். அந்த அம்மா படித்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார், முத்திரை குத்தினார். ஐந்து வாரம் காத்திருந்தேன். அந்த ஐந்து வாரத்தில் மாடிப்படியில் நாலு இடத்தில் நின்று ஏறினேன். தாமதமாகிவிட்டதே, அறை தொய்ந்திருக்குமோ என்று சரோஜா கண்ணாலேயே கேட்பாள், நானும் கண்ணாலேயே தெரியாது என்பேன்.

தேதி வந்தது. இந்த முறை மூன்று பேரும் கூட வந்தார்கள். டாக்டரம்மாவிடம் காந்தக் கதையை ஒப்புக்கொண்டேன். அவர் மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நெஞ்சு கட்டுகிற கம்பி காந்தம் இழுக்காத எஃகு என்று முதலிலேயே சொல்லியிருக்க வேண்டியது நான்தான், மன்னித்துக்கொள்ளுங்கள் என்றார். இனி நகைத்தொழில் என்று யார் எழுதினாலும் முதலில் கம்பியைப் பற்றிச் சொல்லிவிட்டுத்தான் மறுவேலை என்றார்.

அஸ்மான் என்னைத் துணி மாற்றச் சொல்லி, பனியனைத் தனியாக ஒரு கூடையில் போட்டு, கூடையை மெஷின் அறைக்கு வெளியே வெகுதூரத்தில் வைத்தான். குழாய்க்குள் தள்ளினான். ரோடு உடைக்கிற மெஷினைக் காதோரம் வைத்தது போலச் சத்தம். நடுநடுவே 'தாஹான் நாஃபாஸ்' என்று குரல் வரும், மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஊதுகுழல்காரனுக்கு மூச்சைப் பிடிப்பதா கஷ்டம் என்று நினைத்தேன். பாதியில் விட்டுவிட்டேன். 'லாகி சிகிட், அண்ணே,' இன்னும் கொஞ்சந்தான் என்று அவன் கெஞ்சினான். அவனும் மூச்சைப் பிடிக்கிற சத்தம் ஒலிபெருக்கியில் கேட்டது. கம்பி பறக்கவில்லை. எதுவும் பறக்கவில்லை.

டாக்டரம்மா படத்தை விளக்கில் மாட்டிக் காட்டினார். பிள்ளைகளே, சொந்த இதயத்தைப் பார்த்தவர்கள் உலகத்தில் எத்தனை பேர்? நான் பார்த்தேன். நாம் படத்தில் வரைகிற வெற்றிலை வடிவம் இல்லை. வலப்பக்கம் புடைத்து, அடியில் வளைந்து, அணில் கடித்துப் போட்ட மாங்காய் மாதிரி இருந்தது. கம்பி இருந்த இடமெல்லாம் கறையான் அரித்த மாதிரி கறுப்புப் புள்ளி. எலும்புக்கும் மாங்காய்க்கும் நடுவில் தெளிவான வெள்ளைக் கோடு. டாக்டரம்மா அந்தக் கோட்டின் குறுக்கே விரலை வைத்தார். ஒரு விரல் அகலம் இடம் இருந்தது. ஒட்டவில்லை. அறையும் இன்னும் தொய்யவில்லை, ஆனால் இதற்குமேல் காத்திருக்கக் கூடாது என்றார்.

சரோஜா அந்தக் கோட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

6

கதவு எதில் போடுவது என்று பேச்சு வந்தது. உலோகக் கதவு என்றால் காலமெல்லாம் ரத்தத்தை இளக்கி வைக்க மருந்து சாப்பிட வேண்டும். மாட்டின் இதயத்தைச் சுற்றியிருக்கிற சவ்வில் செய்த கதவும் உண்டு. அது பத்துப் பதினைந்து வருஷம் தாங்கும், பிறகு மாற்ற வேண்டியிருக்கும். மாடு என்றதும் நான் சரோஜாவைப் பார்த்தேன். எங்கள் வீட்டில் மாட்டுக்கறி வாசலைத் தாண்டாது. "சாப்பிடவா போறாரு? வெச்சுக்கத்தானே போறாரு," என்றாள். டாக்டரம்மா அதை அப்படியே ஃபைலில் எழுதிக்கொண்டார் என்று நினைக்கிறேன்.

அறுவையைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது, தூங்கிக்கொண்டிருந்தேன். தெரிந்தவர்கள் வெளியே உட்கார்ந்திருந்தவர்கள். சரோஜா அந்த ஏழு மணி நேரத்தைப் பற்றி ஒரு வருஷமாக ஒரு வார்த்தை பேசியதில்லை. மாலதியைக் கேட்டேன். அம்மா உட்காரவே இல்லை என்றாள்.

கண் விழித்தேன். தொண்டையில் குழாய், பேச முடியாது. கையை ஆட்டிக் கண்ணாடி கேட்டேன். நர்ஸுக்குப் புரியவில்லை. மாலதிக்குப் புரிந்துவிட்டது, அவளுக்கு இந்தக் கதை தெரியும். கண்ணாடி இல்லை, அவளே குனிந்து என் உதட்டைப் பார்த்தாள்.

"ரெட்டுப்பா. நல்ல ரெட்டு."

போகும்போது ஒரு சின்னப் புட்டியில் பழைய கம்பிகளைப் போட்டுக் கையில் கொடுத்தார்கள். நெஞ்சைத் திறந்தபோது வெட்டி எடுத்ததாம். இருபத்தைந்து வருஷம் எனக்குள் கிடந்த கம்பி, ஒரு துளி கறுக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகக் காந்தத்தை வைத்துப் பார்த்தேன். அது கம்பியைக் கண்டுகொள்ளவே இல்லை.

தை மாதம் வந்தது. மாட்டுப் பொங்கலன்று நான் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். மாலதியும் தம்பியும் ஒரு மாலையைக் கொண்டுவந்து என் கழுத்தில் போட்டு, நெற்றியில் மஞ்சள் குங்குமம் வைத்து, வாயில் ஒரு வாழைப்பழத்தைத் திணித்தார்கள். இவர்கள் தமிழை மறந்துவிடுவார்களோ என்று நான் கவலைப்பட்டதுண்டு. அன்றைக்கு இருவரும் 'பொங்கலோ பொங்கல்' என்று கத்தியதில் கீழ்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

7

இனி இருந்தது சரோஜாவின் நேர்த்திக்கடன். வெள்ளியில் ஓர் இதயம் செய்து முருகன் காலடியில் வைப்பதாக நேர்ந்திருந்தாள். கோயில் வாசல் கடையில் வெள்ளித் தகட்டில் அச்சடித்த கண், கை, கால், தொட்டில், வீடு எல்லாம் கிடைக்கும். இதயமும் கிடைக்கும், வெற்றிலை மாதிரி. அதில் ஒன்று வாங்கலாம் என்றாள். பத்தர் வீட்டில் வாங்கிய உருவா என்று எனக்கு ரோஷம் வந்துவிட்டது.

டாக்டரம்மாவிடம் கேட்டுப் படத்தின் பிரதி ஒன்றை வாங்கி வந்தேன். மாலதி அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக்கொள்ள, நான் தகட்டைத் தட்டினேன். புடைப்பு, வளைவு, ஒட்டுப்போட்ட இடம், ஒன்றையும் விடவில்லை. புதுக் கதவுக்கு மூன்று இதழ் வெட்டிப் பொருத்தினேன், ஊதினால் திறக்கும், விட்டால் மூடும். அதற்குப் பொடி வைத்து ஊத வேண்டியிருந்தது. காஸைத் தொடவில்லை. ஊதுகுழலை எடுத்தேன். மூன்று இதழுக்கும் ஒரே மூச்சு. அறுபடவில்லை. தலையை நிமிர்த்தினேன், சரோஜா வாசற்படியில் நின்று விரல் மடக்கி எண்ணிக்கொண்டிருந்தாள்.

கோயிலில் நாலு ஒரு சென் காசையும் உண்டியலில் போட்டுவிட்டு, வெள்ளி இதயத்தைத் தட்டில் வைத்து நீட்டினோம். குருக்கள் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பக்கத்தில் இருந்த தாம்பாளத்தில் வரிசையாக வெற்றிலை இதயங்கள் மின்னின.

"மாங்காயா இது? மாங்காய் நேர்ந்துகிட்டது யாரு?" என்று கேட்டார்.

நான் விளக்க வாய் திறந்தேன். மாலதி முந்திக்கொண்டாள். அவள் அவ்வளவு நீளத் தமிழ் பேசி நான் கேட்டதில்லை.

"மாங்காய் இல்லீங்க சாமி. எங்க அப்பா ஹார்ட்டு. ரெண்டு தடவ தொறந்தது. மெஷின்ல பார்த்து அப்பாவே செஞ்சாரு. இந்தக் கதவு நெஜமாவே தொறக்கும், ஊதிப் பாருங்க."

குருக்கள் சுற்றுமுற்றும் பார்த்தார். ஊதினார். மூன்று இதழும் திறந்து மூடின. இன்னொரு தடவை ஊதினார். பின்னால் வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்க்க ஆரம்பித்ததும்தான் அதைக் கொண்டுபோய்ச் சாமி காலடியில் வைத்தார்.

பிள்ளைகளே, உங்களில் யாருக்காவது சின்ன வயதில் நெஞ்சில் அறுவை நடந்திருந்தால், தேங்காய் உடைத்ததோடு முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள். வருஷம் ஒரு தடவை போய்க் காட்டுங்கள். பயமாக இருந்தால் பக்கத்தில் இருக்கிறவர்களிடம் சொல்லுங்கள். சந்தேகம் வந்தால் டாக்டரைக் கேளுங்கள், காந்தத்தைக் கேட்காதீர்கள்.

பெரியவர்களாகி எப்போதாவது கிள்ளான் பக்கம் வந்தால் எங்கள் கோயிலுக்கு வாருங்கள். அந்தத் தாம்பாளத்தில் வெற்றிலை மாதிரி இருப்பதெல்லாம் மற்றவர்களுடையது. அணில் கடித்த மாங்காய் மாதிரி இருப்பது என்னுடையது. குருக்களைக் கேட்டால் ஊதிக் காட்டுவார்.